பனிக்கட்டிக்குள் மூன்று நாள்

காய்ச்சல் கண்ட உடம்பில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். அப்படி வளர்ந்தவள், என் புருஷனின் தலையை மூன்று நாள் பனிக்கட்டிக்குள் வைக்கச் சம்மதித்தேன். அது சரியா தவறா என்று தெரியாமலேயே சம்மதித்தேன். இப்போது எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் ஏறினாலும், "நீதானே ஐஸ் வச்சவ, இன்னா பண்ணாங்க சொல்லு" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். வாயால் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் படித்திருக்கிறேன். ஒருதரம் முழுசாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ஞானம்மாள். ஊர், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருக்கிற வில்லியனூருக்குப் பக்கத்தில் ஒதியம்பட்டு. என் புருஷன் சவரிமுத்து ரயில் பாதையில் கேங்கு வேலை பார்த்தார். தண்டவாளத்துக்கு அடியில் உளுத்துப்போன சிலிப்பர் கட்டைகளைப் பெயர்த்து எடுத்து, புதுக் கட்டை வைத்து, ஜல்லி தள்ளி இறுக்குகிற வேலை. முப்பத்திரண்டு வயசு. உடம்பு சரியில்லை என்று அவர் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. எங்களுக்கு ஒரே மகள் ரீத்தா, அப்போது மூன்று வயசு. அடுத்த வீடு என் புருஷனின் அண்ணன், என் மூத்தார் அந்தோணிசாமியுடையது. மாமனார் மாமியார் போனபிறகு அவர்தான் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பெரியவர். அவர் பேச்சை நான் அதுவரை ஒருநாளும் மீறியதில்லை.

அது கத்திரி வெயில் நாள். காலையில் கிளம்பும்போதே, "தலை கனமா இருக்கு" என்றார். சோற்றைப் பாதி சாப்பிட்டு மீதியை வைத்துவிட்டுப் போனார். நான் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. பின்னால் அதை நினைத்து நான் அழுதது கொஞ்சமில்லை.

பத்து மணி தாண்டியிருக்கும். கேங்கு ஆள் ஒருத்தர் தெருக்கோடியிலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"சவரி வுழுந்துட்டான்மா! வில்லியனூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிட்டாங்க. சீக்கிரம் வா!"

ரீத்தாவை என் ஓரகத்தியிடம், அதாவது மூத்தார் சம்சாரத்திடம், கொடுத்துவிட்டு ஓடினேன். வழியில் அந்த ஆள் சொன்னார். வேலை செய்துகொண்டிருந்தவர் திடீரென்று கடப்பாரையைப் போட்டுவிட்டு, வீட்டுக்கு எதிர்ப்பக்கம் விழுப்புரத்தை நோக்கி நடந்தாராம். "இன்னாடா, எங்க போற?" என்று கேட்டதற்கு, "மழ வருது, கதவ சாத்தணும்" என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். நாலடி போய், மரம் சாய்வதுபோலத் தண்டவாளத்தின்மேல் விழுந்துவிட்டார். புரட்டிப் பார்த்தால் உடம்பில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. தள்ளுவண்டி டிராலியில் போட்டு, பாதைமேலேயே தள்ளிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார்கள்.

வில்லியனூர் ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கட்டடம், ஆறு கட்டில், ஒரு தொக்தர், ஒரு மேர். டாக்டரைப் பிரெஞ்சுப் பேச்சில் தொக்தர் என்றும், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் கன்னியாஸ்திரியை மேர் என்றும் எங்கள் பக்கம் சொல்வோம். தொக்தர் தமிழர்தான். பட்டணத்தில் படித்தவர், இளவயசு.

நான் உள்ளே போனபோது என் புருஷனின் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. கண் பாதி திறந்து, விழி மேலே செருகியிருந்தது. குறட்டை மாதிரி மூச்சு. நெஞ்சில் கை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய பானையைத் தொட்டதுபோலச் சட்டென்று கையை எடுத்துவிட்டேன். மனித உடம்பு அவ்வளவு சுடும் என்று எனக்குத் தெரியாது.

தொக்தர் காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் முப்பத்தேழுதான் சாதாரண உடம்புச் சூடு. "இதுல நாப்பத்திரண்டு வரைக்கும்தான் கோடு இருக்கு. பாதரசம் கடைசிக் கோட்டுல நிக்குது. அதுக்கு மேல எவ்வளவுன்னு எனக்கே தெரியாதும்மா."

அவர் சொல்லி முடிக்கும்போதே வலிப்பு வந்தது. கட்டில் சுவரில் இடித்தது. பல்லுக்கிடையில் துணி வைத்து மேர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் மூத்தார் வந்து சேர்ந்தார். ஒரு கையில் கம்பளி, இன்னொரு கையில் சுக்கும் மிளகும் போட்டுக் காய்ச்சிய கஷாயம். மேர் ஈரத்துணியை எடுத்து வருவதைப் பார்த்ததும் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இது ஜன்னி. ஜன்னி கண்டவனுக்குப் பச்சத்தண்ணி பட்டா அத்தோட சரி. ஞானம், நீ சொல்லு. வூட்டுக்கு இட்டுனு போயி போத்திப் படுக்க வைக்கலாம்."

"போத்தினீங்கன்னா ஒருமணி நேரத்துல செத்துப்போவாரு" என்றார் தொக்தர். குரலை உயர்த்தவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, முட்டைய வெந்நீர்ல போட்டா வெள்ளக்கரு கட்டிப்போவுது. அப்புறம் ஆற வச்சாலும் திரும்பத் தண்ணியா ஆவுதா? மூளையும் அப்படித்தான். வேர்வ நின்னுபோச்சு, உள்ள இருக்கிற சூடு வெளிய வரல. ஒவ்வொரு நிமிஷமும் மூளை வெந்துட்டு இருக்கு. ஐஸ் வச்சு சூட்ட இறக்கணும். இறக்கின பிறகும் தலைய மட்டும் ரெண்டு மூணு நாள் குளிர்ச்சியிலேயே வச்சிருக்கணும்."

"வச்சா பொழச்சிடுவாரா?"

"தெரியாது. வைக்கலன்னா என்ன ஆகும்னு மட்டும் தெரியும்."

"பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு..."

"இந்த வெயில்ல வண்டியில போனா போய்ச்சேர மாட்டாரு."

மூத்தார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொழைக்கும் என்று தொக்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. எதனாலோ, அதனாலேயே அவரை நம்பினேன்.

"வைங்க" என்றேன். மூத்தார் கஷாயத்தை வாசற்படியிலேயே கொட்டிவிட்டு வெளியே போனார். "அவன் உசுரு உன் தலமேல" என்ற சொல் அவர் முதுகுப்பக்கமிருந்து வந்தது.

ஐஸுக்கு எங்கே போவது? "கிளாஸ், கிளாஸ் கொண்டா" என்று தொக்தர் ஆஸ்பத்திரி வேலைக்காரரிடம் கத்தினார். பிரெஞ்சில் ஐஸுக்கு அதுதான் பேர். அந்த மனுஷர் அலமாரியிலிருந்து தண்ணீர் குடிக்கிற கண்ணாடித் தம்ளரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வேறொரு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு அந்தத் தம்ளரைப் பிடுங்கி வைத்துவிட்டு, "ஐஸ், ஐஸ்" என்று நானே கத்தினேன்.

ஸ்டேஷன் எதிரே காதர் பாய் சர்பத் கடை வைத்திருந்தார். தினமும் காலை ரயிலில் பட்டணத்திலிருந்து அவருக்கு மரத்தூளில் புதைத்த ஐஸ் வரும். கேங்கு ஆட்கள் போய்ச் சொன்னதும் மூட்டையோடு அவரே வந்துவிட்டார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் குந்தி உட்கார்ந்து, சுத்தியலால் உடைத்து உடைத்துக் கொடுத்தார்.

"இன்னிக்குக் கடை மூடியாச்சும்மா. இதுல ஒரு துண்டுகூட நான் வச்சுக்கல. அல்லா பாத்துப்பான்" என்றார்.

ரப்பர் பையில் ஐஸைப் போட்டுத் தலையில் வைத்தார்கள். கழுத்தின் இரண்டு பக்கமும், அக்குளிலும், தொடை இடுக்கிலும் துணியில் முடிந்து வைத்தார்கள். அந்த இடங்களில் பெரிய ரத்தக்குழாய் தோலுக்குக் கிட்டத்தில் ஓடுகிறதாம், அங்கே குளிர வைத்தால் ரத்தமே குளிர்ந்து மூளைக்குப் போகும் என்று மேர் சொன்னார். உடம்புமேல் ஈரத்துணி போட்டு விசிறினோம். கையையும் காலையும் விடாமல் தேய்க்கச் சொன்னார்கள். தேய்க்காவிட்டால் குளிரில் தோல் சுருங்கி, சூடு உள்ளேயே தங்கிவிடும். நான் வலது காலைத் தேய்த்தேன். என் உள்ளங்கை மரத்துப்போயிற்று. அவர் கால் மட்டும் இன்னும் சுட்டது.

நாற்பத்தொன்றரை. நாற்பத்தொன்று. தொக்தர் சொல்லச் சொல்ல நான் இன்னும் வேகமாகத் தேய்த்தேன். நாற்பதுக்குக் கிட்டே வந்தபோது உடம்பு தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்தது. பல்லோடு பல் அடித்துச் சத்தம் வந்தது. உதடு நீலம் பாய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற மூத்தார் அலறினார்.

"ஜன்னி முத்திடுச்சு! கொன்னுட்டாங்களே எந்தம்பிய!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். நான்தான் கொன்றேன், நான்தான் 'வைங்க' என்றேன் என்று மனசுக்குள் அதே ஓடியது.

"கைய எடுக்காதீங்க!" என்று மேர் அதட்டினார். "இது ஜன்னி இல்ல, நடுக்கம். குளிருதுன்னு உடம்பு தானே சூடு உண்டாக்கப் பாக்குது. அத அடக்கணும்." தொக்தர் ஓர் ஊசி போட்டார். கொஞ்சநேரத்தில் நடுக்கம் தணிந்தது. ஆனால் ஆளும் அசைவில்லாமல் கிடந்தார்.

யாரோ மாதா கோவிலுக்குச் சொல்லி, சாமியார் அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வந்துவிட்டார். சாகப்போகிறவர்களுக்குத்தான் அந்த எண்ணெய் பூசுவார்கள். நெற்றியில் சிலுவை போட்டபோது, ஐஸ் தண்ணீரில் எண்ணெய் ஒட்டாமல் வழுக்கிக் காதோரம் இறங்கியது. சாமியார் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். நான் முழங்காலில் நின்று ஜெபம் சொல்லவேண்டிய நேரம். ஆனால் காலைத் தேய்ப்பதை நிறுத்தப் பயம். தேய்த்துக்கொண்டே சொன்னேன்.

ஒரு மணிக்கெல்லாம் ஐஸ் தீர்ந்துவிட்டது. அரைமணி நேரத்தில் பாதரசம் மறுபடி நாற்பத்தொன்றுக்கு ஏறியது. சூட்டைக் கட்டுப்படுத்துகிற இடம் மூளைக்குள்தான் இருக்கிறது, அதுவே கெட்டிருப்பதால் விட்டால் ஏறிக்கொண்டுதான் போகும் என்றார் தொக்தர். ஸ்டேஷன் மாஸ்டர் பட்டணத்துக்குத் தந்தி அடித்திருந்தார். அடுத்த ரயிலில் ஐஸ் ஏற்றுவார்கள். ரயில் வரும்வரை கிணற்றுத் தண்ணீரும் விசிறியும்தான். கிணற்றுத் தண்ணீரே அன்றைக்கு வெதுவெதுவென்று இருந்தது.

ரயில் ஊதிய சத்தம் கேட்டது. காதர் பாய் வண்டி தேடிப் போயிருந்தார், திரும்பவில்லை. கேங்கு ஆட்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். ஸ்டேஷன் சாலையில் ஒரு ஆள் தோளில் கோணியைச் சுமந்துகொண்டு, செருப்பில்லாமல், தார் இளகுகிற வெயிலில் ஓடிவருகிறார். கோணியிலிருந்து தண்ணீர் ஒழுகி முதுகு முழுக்க மரத்தூள். கிட்டே வந்தபிறகுதான் மூத்தார் என்று தெரிந்தது.

மூட்டையை இறக்கிவிட்டு மேல்மூச்சு வாங்கினார். தோளில் ஒரு சாண் அகலத்துக்குத் தோல் வெளுத்துச் செத்துப்போயிருந்தது.

"எனக்கு இதுல நம்பிக்கை இல்ல, ஞானம். இப்பவும் இல்ல. ஆனா உருகுது. உருகறத வச்சுனு எப்படி நடக்கறது? ஓடியாந்துட்டேன்."

அதற்கப்புறம் அவர் வெளியே போகவில்லை. இடது காலை அவர் தேய்த்தார்.

சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டரைக்கு வந்தது. அத்தோடு போதும், இன்னும் இறக்கினால் நெஞ்சு நின்றுபோகும் என்று உடம்பிலிருந்த ஐஸை எடுத்தார்கள். தலையிலும் கழுத்திலும் வைத்ததை எடுக்கவில்லை. சூடு இறங்கிவிட்டது, இனி விழித்துவிடுவார் என்று நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடிந்தது. விழிக்கவில்லை. மறுநாள் பொழுதும் போயிற்று. ரயிலுக்கு ரயில் ஐஸ் வந்தது, மூத்தார் சுமந்தார், காதர் பாய் உடைத்தார். கண் திறக்கவில்லை.

"ஏன் தொக்தர்? சூடுதான் இறங்கிடுச்சே?"

"வெந்த இடம் வீங்கும்மா. கையில காலுல வீங்கினா தோல் இடம் குடுக்கும். மண்டை ஓடு இடம் குடுக்காது. உள்ளயே நசுங்கும். வீக்கம் வாடுற வரைக்கும்தான் இந்த ஐஸ்."

"முழிச்சா பழையபடி இருப்பாரா?"

அவர் காய்ச்சல் எழுதுகிற தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எவ்வளவு வெந்துச்சுன்னு முழிச்சாத்தான் தெரியும். சில பேருக்குப் பேச்சு வராது. சில பேருக்கு யாரையும் தெரியாது. சொல்லாம இருக்கக்கூடாது, அதான் சொல்றேன்."

அதுவரை சாவுக்குத்தான் பயந்திருந்தேன். அன்றைக்குத்தான் வேறொரு பயம் வந்தது. யாரையும் தெரியாத ஓர் உடம்பை வீட்டுக்குக் கொண்டுபோய், சோறு ஊட்டி, கழுவி, ரீத்தாவிடம் 'இதுதான் உங்கப்பா' என்று காட்டவேண்டுமே என்ற பயம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், அவர் தலையில் ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டே, 'ஆண்டவரே, புத்தி இல்லாமல் திருப்பிக் கொடுப்பதானால் நீரே எடுத்துக்கொள்ளும்' என்று வேண்டினேன். வேண்டி முடித்ததும், அவருக்குக் கேட்டிருக்குமோ என்று திடுக்கிட்டுப் பார்த்தேன். பிறகு சாமியாரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஓரகத்தி காலையும் மாலையும் கஞ்சி கொண்டுவந்தாள். நான் குடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பாள். ஐஸில் ஊறி என் விரல்நுனி வெடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாள் தேங்காயெண்ணெய் சுடவைத்துக் கொண்டுவந்து ஒவ்வொரு விரலாகத் தடவினாள். அப்போதுதான் அந்த மூன்று நாளில் முதல்தரம் வாய்விட்டு அழுதேன்.

மூன்றாம் நாள் பகலில் கண் திறந்தது. "இன்னாங்க, இன்னாங்க" என்று குனிந்தேன். அந்தப் பார்வை என்மேல் பட்டு, சுவர்மேல் படுவதுபோல நழுவி, கூரை ஓட்டுக்குப் போய்விட்டது. தொக்தர் விரலை ஆட்டினார். விழி தொடரவில்லை. நான் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புத்தியும் வரவில்லை, ஆண்டவர் எடுத்துக்கொள்ளவும் இல்லை, என் வேண்டுதலுக்கு இதுதான் பதில் என்று நினைத்தேன்.

ஐஸை நிறுத்தி, அடுத்தநாள் வெயிலுக்கு முன்னால் ஈரத்துணி சுற்றி, ரயிலில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பத்தொன்பது நாள் இருந்தோம். முதுகெலும்பில் ஊசி குத்தி, மூளையைச் சுற்றி ஓடுகிற நீரில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள். அது தெளிந்த தண்ணீர் மாதிரி இருந்தால் நல்லதாம். தெளிவாகத்தான் இருந்தது. அந்தச் சேதி வரும்வரை ஒரு காலைப்பொழுது முழுவதும் நானும் மூத்தாரும் பெஞ்சியின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தோம்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, கூப்பிட்டால் திரும்ப ஆரம்பித்தார். ஒரு வெள்ளைக்காரத் தொக்தர் வந்து பரீட்சை வைத்தார். அவர் பிரெஞ்சில் கேட்டதை ஒரு கம்பவுண்டர் தமிழில் சொன்னார். மூக்கைத் தொடு என்றால் விரல் தடுமாறிக் கன்னத்தில் குத்தியது. பேர் கேட்டதற்கு, கள் குடித்தவர் மாதிரி நாக்கு குழறி, "சவ... ரி... முத்து" என்றார். தொக்தர் தலையாட்டினார். பிறகு என்னைக் காட்டி, இவள் பேர் என்ன என்று கேட்டார்.

என்னைப் பார்த்தார், தொக்தரைப் பார்த்தார். உதடு அசைந்து நின்றுவிட்டது. மறுபடி கேட்டார்கள். மறுபடியும் உதடுதான் அசைந்தது. தொக்தர் தாளில் ஏதோ எழுதினார்.

"நல்லா யோசி. இந்த அம்மா பேரு இன்னா?" என்றார் கம்பவுண்டர் மூன்றாந்தரம்.

என் புருஷனின் முகம் சிவந்தது. பெரிய வேலை செய்கிறவர்போல மூச்சை இழுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளினார். "ரீத்... தா... அம்மா."

கம்பவுண்டர் உதட்டைப் பிதுக்கினார். "இல்லப்பா, பேரு..."

"அதுதாங்க!" என்று நான் கத்திவிட்டேன். கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "கல்யாணமாகி ஏழு வருஷத்துல அவரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லங்க. ரீத்தா எங்க பொண்ணு. அவருக்குத் தெரியுதுங்க, எல்லாம் தெரியுது. எழுதினத அடிச்சிடச் சொல்லுங்க!"

மூத்தார் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு வெளியே போனார். வெள்ளைக்காரத் தொக்தர், கம்பவுண்டர் விளக்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, உண்மையாகவே எழுதினதை அடித்தார்.

எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பேச்சு இன்னும் குழறல்தான். படகில் நிற்கிறவர் மாதிரி காலை அகட்டி வைத்து நடக்கிறார். நிலை தடுமாறாமல் நம்மை நிறுத்துகிற பகுதி மூளையின் பின்பக்கம் இருக்கிறதாம், வெப்பம் முதலில் தின்பது அதைத்தானாம். வெயிலில் போகவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கேங்கு வேலை போயிற்று. நிழலில் உட்கார்ந்து தேங்காய் நாரில் கயிறு திரிக்கிறார். நான் நாற்று நடவுக்கும் அறுப்புக்கும் போகிறேன். ஆரம்பத்தில் ரீத்தா அவர் பேச்சுக்குப் பயந்து என் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இப்போது அவர் சொல்வது பிறத்தியாருக்குப் புரியாதபோது அவள்தான் எடுத்துச் சொல்கிறாள்.

ஐஸ் வைக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்: எனக்குத் தெரியாது. எல்லாக் காய்ச்சலும் ஒன்றில்லை என்று மேர் சொல்லியிருக்கிறார். கம்பளியைப் போட்டுப் போர்த்தாமல், நேரம் கடத்தாமல் தொக்தரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

மூன்று கத்திரி தாண்டிவிட்டது. பயம் மட்டும் தாண்டவில்லை. மத்தியானம் அவர் பாயில் படுத்திருக்கும்போது, அடுப்படி வேலையை விட்டுவிட்டுப் போய் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் வைப்பேன். போன வாரம் அப்படி வைத்தபோது, கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்.

"இன்னா... சுடுதா?"

"இல்ல."

"நேத்து?"

"நேத்தும் இல்ல."

"அப்ப கைய எடு. வேர்க்குது."

எடுத்துப் பார்த்தேன். என் உள்ளங்கை முழுக்க அவர் வேர்வை. துடைக்க மனசு வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.